ஊசல் எந்தப் பக்கம்?

ஹார்ட்வின் லோட்ஸ் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. தரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் மாதிரி விமானங்களுக்கான எங்கள் கிளப்பின் மரக் கொட்டகையில் பதினாறு நாற்காலிகள் இருக்கின்றன. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி பழகிப்போயிருக்கிறது. ஹார்ட்வினுக்கு மட்டும் இல்லை. காபியை நின்றபடியே குடிப்பார், குடித்தபடியே நடப்பார். நடக்கிற வழியில் யாருடைய விமானத்தின் வயிறாவது திறந்திருந்தால் போதும், எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த டியூபை யார் போட்டது?" என்பார். அந்த விமானத்துக்காரருக்கு அன்றைய காலை போயிற்று.

வாரத்தில் ஐந்து நாள் வீடுகளுக்குச் சூடேற்றும் குழாய்கள் பொருத்துவது அவருடைய தொழில். ஜெர்மனியில் எங்கள் ஃபோகல்ஸ்பெர்க் மலைச்சரிவில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், நிலவறையில் ஓடும் குழாய்களைப் பார்த்தே இது ஹார்ட்வின் வேலையா இல்லையா என்று சொல்லிவிடலாம். அவ்வளவு நேராக இருக்கும். சனி ஞாயிறுகளில் அதே கைகள் பென்சிலைவிட மெல்லிய குழாய்களுக்கு இறங்கி வரும். கிளப்பில் பெட்ரோல் எஞ்சின் வைத்த விமானங்கள் பதினொன்று. பதினொன்றுக்கும் டாங்க் பொருத்தியவர் அவர்தான்.

டாங்க் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு லிட்டர்கூடப் பிடிக்காத வெள்ளை பிளாஸ்டிக் புட்டி. அதன் ரப்பர் மூடி வழியே மூன்று பித்தளைக் குழாய்கள்: எஞ்சினுக்கு ஒன்று, உள்ளே காற்று வர ஒன்று, பெட்ரோல் ஊற்ற ஒன்று. எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்முனையில் வளைந்து கொடுக்கும் ஒரு டியூப் இருக்கும். அதன் நுனியில் கம்பளித் துணி சுற்றிய சின்ன எடை. அதைத்தான் ஊசல் என்கிறோம். விமானம் மூக்கைத் தூக்கினால் பெட்ரோல் பின்னால் ஓடும், ஊசலும் கூடவே பின்னால் ஓடும். தலைகீழாகப் புரண்டால் ஊசலும் புரளும். பெட்ரோல் எங்கேயோ அங்கே ஊசல். அப்படி இருக்கும்வரை எஞ்சின் நிற்காது. எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும். இருபது கிலோ விமானம் ஒன்று வானத்தில் செய்கிற அத்தனை கரணமும் உள்ளே தொங்குகிற அந்தச் சின்ன எடையை நம்பித்தான்.

ஹார்ட்வின் அதை நம்பமாட்டார். நம்பாதது அவருடைய குணம். ஆல்கஹால் எஞ்சின் காலத்துச் சிலிக்கோன் டியூபை யாராவது மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பிடுங்கி எறிந்துவிடுவார். பெட்ரோல் பட்டால் அது ஊறி வழுவழுத்துப்போகும். காற்றுக் குழாயை டாங்க்குக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றித்தான் கீழே இறக்குவார், இல்லாவிட்டால் நிறுத்தி வைத்த விமானம் தானே சொட்டிச் சொட்டிக் காலியாகும். ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய கம்பி இரண்டு சுற்று. எல்லாவற்றுக்கும் மேலே, ஊசல் டியூபை நடுவில் வெட்டி விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் துண்டைச் செருகுவார். விமானம் தரையில் குப்புற நின்றால், அந்த வேகத்தில் ஊசல் முன்னால் பாய்ந்து, டியூப் இரண்டாக மடிந்து, அங்கேயே சிக்கிக்கொள்ளும். பித்தளைத் துண்டு இருந்தால் மடியாது.

பத்து டாங்க்குகளில் அந்தத் துண்டு இருந்தது. அவருடைய சொந்த மஞ்சள் விமானத்தில் இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இரண்டு வருஷமாகத் தள்ளிப்போயிருந்தது. அவர் வீட்டுக் குளியலறைக் குழாயும் அதேபோல மூன்று வருஷமாகச் சொட்டிக்கொண்டிருப்பதாக அவர் மனைவி ஸில்கே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கொட்டகைக்குள் ஒரு கரும்பலகை. அதில் எல்லோருடைய பெயரும் உண்டு. விமானம் குப்புற நின்றால் பெயருக்கு நேரே ஒரு கோடு. கோடு வாங்கியவர் அடுத்த ஞாயிறு ஒரு தட்டு கேக்கோடு வரவேண்டும், கடையில் வாங்காமல் தானே சுட்டு. இதுதான் எங்கள் சட்டம். பஸ் ஓட்டும் நெவ்சாத்துக்கு ஒன்பது கோடுகள். அவருடைய பிளம்ஸ் கேக்குக்காக ஓடுபாதையில் யாரோ குழி வெட்டி வைக்கிறார்கள் என்பது பழைய வேடிக்கை. ஹார்ட்வினின் வரியில் பதினோரு வருஷமாக ஒன்றும் இல்லை. நெவ்சாத் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "சாக்பீஸுக்கே உன் பேரு மறந்துபோச்சுப்பா" என்பார். ஹார்ட்வின் கேட்காததுபோல நடந்துவிடுவார். ஆனால் காது சிவக்கும். பிடித்திருந்தது அவருக்கு.

மே மாதத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு ஹார்ட்வின் தனியாகப் பறக்கவிட்டார். மறுநாள் பெரிய வேலை இருந்தது, அதற்கான ஒத்திகை. கடைசியாக இறக்கும்போது இடது சக்கரம் அகழெலி தோண்டிய மண்மேட்டில் ஏறியது. மஞ்சள் விமானம் மூக்கைப் புல்லில் ஊன்றி, வாலை வானத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நான்கு மாடுகள், வேறு யாரும் இல்லை. உடைந்த ப்ரொப்பெல்லரைக் கழற்றிக் கார் சீட்டுக்கு அடியில் போட்டார். புதிதை மாட்டினார். இதையெல்லாம் பின்னால் அவரே எங்களுக்குச் சொன்னார், ஒன்றையும் விடாமல்.

குப்புற நின்றால் டாங்க்கைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பறப்பு. இது ஹார்ட்வின் சொல்லிச் சொல்லி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் மஞ்சள் விமானத்தில் டாங்க்கைப் பார்க்க வேண்டுமானால் முன் மூடி, புகைக்குழாய், தடுப்புப் பலகை எல்லாவற்றையும் கழற்றவேண்டும். ஒன்றரை மணி நேர வேலை. டாங்க்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வேறு. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவர் பெட்ரோலை வடித்துவிட்டு, விமானத்தின் மூக்கைத் தூக்கிக் குலுக்கினார். ஊசல் பின்னால் விழுந்தால் மெதுவாக ஒரு 'டொக்' கேட்கும். கேட்டது. இன்னொரு தடவை குலுக்கினார். கேட்கவில்லை. மூன்றாம் தடவை கேட்டது. ஆனால் பாட்டரியைக் கட்டிய பட்டையும் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அதுவும் அப்படித்தான் சத்தம் போடும்.

மூன்றில் இரண்டு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேசையிலிருந்து நான்கு தடவை எழுந்தார். ஸில்கே என்னவென்று கேட்டதற்கு, நாளைக்குக் காற்று எப்படி இருக்குமோ என்றார்.

மறுநாள் வேலை ஆன்னகிரேட்டுடையது. ஆன்னகிரேட் எங்கள் ஊர்த் தபால்காரப் பெண்மணி, ஐம்பத்தேழு வயது. ஆறு மீட்டர் இறக்கை கொண்ட ஒரு கிளைடரை ஐந்து குளிர்காலமாகத் தன் சமையலறையில் கட்டிக்கொண்டிருந்தார். இறக்கையின் ஒவ்வொரு மர விலாவும் அவர் கையால் அறுத்தது. ஞாயிறன்று அதன் முதல் பறப்பு. அந்த அளவு கிளைடரைக் கையால் வீச முடியாது. இன்னொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போகவேண்டும். இழுக்கிற எஞ்சின் மரத்து உயரத்தில் நின்றுவிட்டால் கிளைடருக்கு உயரமும் இல்லை, வேகமும் இல்லை. விழுகிற இடத்தில் விழவேண்டியதுதான். ஜனவரியிலேயே ஆன்னகிரேட் ஹார்ட்வினிடம் கேட்டிருந்தார். இழுக்க வேறு இரண்டு பேர் இருந்தும், "உன் டாங்க்கை நம்பித்தான் உங்கிட்ட கேக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை ஹார்ட்வின் கொட்டகையைச் சுற்றிய சுற்றுக்கு நேரே நடந்திருந்தால் பக்கத்து ஊருக்கே போயிருக்கலாம். காற்று மேற்கிலிருந்து ஓடுபாதைக்கு நேராக, மெதுவாக வந்தது. மூன்று மணிக்கு மேல் குறுக்காகத் திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி முதல் மூன்று வரை எங்களுக்கு மத்தியான அமைதி. கிராமத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்ட ஏற்பாடு, ஒரு எஞ்சினும் சத்தம் போடக் கூடாது. ஆக ஆன்னகிரேட்டுக்கு இருந்தது காலைப்பொழுது மட்டும்தான்.

அன்றைக்குப் பறப்புப் பொறுப்பாளர் நெவ்சாத். பதிவுப் புத்தகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நிமிஷம் உக்காரேம்பா ஹார்ட்வின். உன்னைப் பாத்துப் பாத்து எனக்கு மூச்சு வாங்குது."

"உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும்."

"அது என்ன, புது ப்ரொப்பெல்லரா?"

"பழசு பழசாயிடுச்சு."

நெவ்சாத் சிரித்தார். ஹார்ட்வினும் சிரித்தார், ஒரு நொடி தாமதமாக.

சரியான சோதனை ஒன்று இருக்கிறது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் வாலைப் பிடித்து விமானத்தை வானம் பார்க்க நிறுத்த, இன்னொருவர் எஞ்சினை முழு வேகத்தில் ஒரு நிமிஷம் ஓட்டவேண்டும். ஊசல் முன்னால் சிக்கியிருந்தால் அதற்குள் எஞ்சின் இருமிவிடும். ஆனால் அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள், எதற்கு இது, என்று கேட்பார். ஹார்ட்வின் யாரையும் கூப்பிடவில்லை. தரையில் சமமாக நிறுத்தி ஐந்து நிமிஷம் ஓட்டினார். தேன்போல ஓடியது. அப்புறம், முதலில் நெவ்சாத்தின் பழைய தெர்மோகோல் கிளைடரை ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம் என்றார். இழுத்தார். முந்நூறு மீட்டர், ஒரு குறையும் இல்லை.

இறங்கிய பிறகு அவர் கொட்டகைப் படியில் கை ஊன்றியதை நான் பார்த்தேன். உட்காரப் போனார், நிஜமாகவே. அப்போது ஆன்னகிரேட் வந்து மணி பன்னிரண்டே முக்கால் என்றார். டாங்க்கை நிரப்ப ஹார்ட்வின் பெட்ரோல் குழாயை எடுத்தார். நேரம் போகிறதே என்று ஆன்னகிரேட் தவித்தார். பாதிக்கு மேல் இருக்கிறது, தாராளமாகப் போதும் என்று ஹார்ட்வினே சொல்லிக் குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

இங்கேதான் விஷயம். டாங்க் முழுதாக நிறைந்திருந்தால், ஊசல் முன்னால் கிடந்தாலும் பெட்ரோலுக்குள்தான் கிடக்கும். எஞ்சினுக்கு வித்தியாசமே தெரியாது. டாங்க் குறைந்த பிறகு மூக்கைத் தூக்கினால் பெட்ரோல் எல்லாம் பின்னால் போய்விடும், முன்னால் வெறும் காற்று. நிறைந்த டாங்க்கோடு போன முதல் பறப்பு எதையும் நிரூபிக்கவில்லை. இதை ஹார்ட்வினைத் தவிர வேறு யாராக இருந்தாலும் யோசிக்காமல் விட்டிருக்கலாம்.

கிளைடரின் இறக்கை நுனியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கயிறு புல்லிலிருந்து எழுந்து இறுகியது. ஆன்னகிரேட் தலையசைத்தார். நான் நாலைந்து அடி கூட ஓடினேன், இறக்கை என் விரல்களிலிருந்து தானே கழன்று போனது. ஐந்து குளிர்காலம் கையை விட்டுப் போகிற உணர்ச்சி எப்படி இருக்கும் என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டும் ஏறின. வேலியைத் தாண்டின. ஊசியிலை மரங்களின் உச்சிக்கு வந்தன. ஹார்ட்வின் மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கினார்.

எஞ்சின் ஒருமுறை இருமியது.

"ஆன்னா, கயிற விடு. இப்பவே." அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் உப்பு கேட்பதுபோலச் சொன்னார். ஆன்னகிரேட் விட்டார். அடுத்த இருமலோடு எஞ்சின் நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் ஓடுபாதையில் கேட்டதில்லை.

கிளைடருக்கு அரை வட்டம் போடத்தான் உயரம் இருந்தது. ஆன்னகிரேட் போட்டார், அழகாகப் போட்டார். கடைசி மூன்று மீட்டரில் வலது நுனி முள்வேலிப் புதரில் தட்டியது. கிளைடர் சுழன்று புல்லில் பொத்தென்று உட்கார்ந்தது. மஞ்சள் விமானம் நேரே போய், பச்சையாய் நின்ற பார்லிப் பயிரில் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கியது. அது உடைந்திருந்தால் ஹார்ட்வினுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மத்தியான அமைதி ஆரம்பித்திருந்தது. ஹார்ட்வின் விமானத்தைக் கொட்டகை மேசையில் வைத்து, எங்கள் முன்னாலேயே கழற்ற ஆரம்பித்தார். முன் மூடி வந்தது. புகைக்குழாய் வந்தது. தடுப்புப் பலகையின் கடைசித் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்தவர் நிறுத்தினார்.

"நேத்து சாயங்காலம் குப்புற நின்னுச்சு. அகழெலி மேட்டுல சக்கரம் ஏறிடுச்சு. நான் சொல்லல."

அப்புறம்தான் டாங்க்கை வெளியே எடுத்தார். ஸ்பாஞ்சை உரித்தார். வெள்ளை பிளாஸ்டிக் வழியே தெரிந்தது: டியூப் இரண்டாக மடிந்து, ஊசல் ரப்பர் மூடியோடு ஒட்டி முன்னால் கிடந்தது. பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது.

யாரும் விளக்கம் கேட்கவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த பாடம்தானே.

"ஒரு கேக்குக்காகவாப்பா?" என்றார் நெவ்சாத்.

"கேக்குக்காக இல்ல."

"பின்ன?"

ஹார்ட்வின் கரும்பலகையைப் பார்த்தார். "அந்த வரி காலியா இருந்துச்சு."

ஆன்னகிரேட் இறக்கையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். நுனியில் நான்கு விலாக்கள் நொறுங்கி, தோல் கிழிந்து தொங்கியது. அவர் அழவில்லை. முகத்தில் ஒரு களைப்பு, நாற்பது படி ஏறிப் போய்க் கதவைத் தட்டி வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்த மாதிரி.

"நேத்தே எனக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா கேக்கை நான் சுட்டிருப்பேன். உன் பேர்லயே கொண்டுவந்து வச்சிருப்பேன். எனக்கென்ன, அடுப்புல ஒரு தட்டு." கிழிந்த தோலை விரலால் நீவிவிட்டார். "அஞ்சு குளிர்காலம், ஹார்ட்வின்."

"நான் ஒட்டித் தரேன்."

"என் இறக்கையை நீ தொடாத. உன் டாங்க்கைப் பாரு."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். ஹார்ட்வின் சாக்பீஸை எடுத்துத் தன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு, மறைத்ததற்கு எத்தனை கோடு என்று எங்களைக் கேட்டார். அதற்குச் சட்டம் இல்லை என்றார் நெவ்சாத், அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லையாம்.

அடுத்த ஞாயிறு ஒரு தட்டு கேக் வந்தது. மேலே வெண்ணெய் மாவு தூவிய கேக், ஓரமெல்லாம் கரி, நடுவில் பச்சை மாவு. நெவ்சாத் இரண்டு துண்டு தின்றுவிட்டு, இதை டாங்க் மூடியாகப் போடலாம், பெட்ரோலுக்குக் கரையவே கரையாது என்றார். அதற்கடுத்த ஞாயிறும் கேக் வந்தது. யாரும் கேட்கவில்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஞாயிறும். கேக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஆன்னகிரேட் மட்டும் வரவில்லை. ஹார்ட்வின் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை மூடி எடுத்து வைத்தார். சாயங்காலம் அதை மாடுகளுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு தானே தின்றார். மஞ்சள் விமானத்தை ஒரு நாளும் பறக்கவிடவில்லை. ஆனால் டாங்க் மாறியிருந்தது. பித்தளைத் துண்டு ஏறியிருந்தது. விமானத்தின் வயிற்றில் ஒரு சின்ன ஜன்னலும் ஸ்பாஞ்சில் ஒரு வெட்டும், டார்ச் அடித்தால் ஊசல் தெரிகிற மாதிரி. வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுவதும் நின்றுவிட்டதாம். சத்தமே இல்லாமல் இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்றார் ஸில்கே.

ஆறாவது ஞாயிறு ஆன்னகிரேட்டின் கார் வந்தது. மேலே கிளைடர். வலது நுனியில் புதிய தோல், மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வெளுப்பு. அவர் கேக் பக்கம் போகவில்லை. நேரே ஹார்ட்வினிடம் போனார்.

"இழுக்கிறியா?"

ஹார்ட்வின் மஞ்சள் விமானத்தைப் புல்லில் வைத்தார். டாங்க்கைப் பாதி மட்டும் நிரப்பினார். பாதி மட்டும். எஞ்சினைக் கிளப்பிவிட்டு, "வாலைப் பிடி" என்றார்.

ஆன்னகிரேட் முழங்காலிட்டு, வாலை அணைத்து, விமானத்தை வானம் பார்க்க நிறுத்தினார். ஹார்ட்வின் முழு வேகம் கொடுத்தார். காற்று ஆன்னகிரேட்டின் தலைமுடியைப் பின்னால் வாரி அடித்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு உதடு அசைய எண்ணினார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை, எஞ்சின் மட்டும்தான், ஒரே ஸ்வரத்தில். பதினாறு நாற்காலியும் காலியாக இருந்தது. எல்லோரும் எழுந்து நின்றிருந்தோம். அறுபது ஆனதும் ஹார்ட்வின் வேகத்தைக் குறைத்தார். ஆன்னகிரேட் விமானத்தை இறக்கவில்லை.

"இன்னொரு தரம்."

இன்னொரு தரம் அறுபது. அதற்கப்புறம்தான் அவர் எழுந்து, முழங்கால் புல்லைத் தட்டிவிட்டு, கயிற்றின் நுனியைத் தானே மாட்டினார்.

இந்தத் தடவை டாங்க்கை விளிம்புவரை நிரப்பினார்கள். இந்தத் தடவையும் இறக்கை என் விரலிலிருந்து கழன்று போனது. வேலி, மரங்கள், மரங்களுக்கு மேல், அதற்கும் மேல். எஞ்சின் இருமுமா இருமுமா என்று காதைத் தீட்டிக்கொண்டே நின்றேன். முந்நூற்றைம்பது மீட்டரில் ஆன்னகிரேட் கயிற்றை விட்டார். வெள்ளைக் கிளைடர் தனியாக நின்றது, சத்தமில்லாமல் ஒரு பெரிய வட்டத்தில் சாய்ந்தது. ஆன்னகிரேட்டின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

எல்லோரும் அண்ணாந்து நின்றோம். ஹார்ட்வின் மட்டும் இல்லை. மஞ்சள் விமானத்தை இறக்கி, ஓடிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்து, புல்லில் குப்புறப் படுத்து, அதன் வயிற்று ஜன்னலுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஹார்ட்வின், மேல பாருப்பா," என்றார் நெவ்சாத்.

"இரு, வரேன்." டார்ச்சை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "பின்னாலதான் இருக்கு," என்றார், யாரிடம் என்று இல்லாமல். அப்புறம் புரண்டு, படுத்தபடியே வானத்தைப் பார்த்தார்.